எந்தப் பேரன் கெட்டான்?

நடுவருக்கும் சுங்கை சிப்புட் மக்களுக்கும் வணக்கம். இணைய விளையாட்டின் கூட்டுச் சண்டையில் புதியவரைக் கைபிடித்துப் பழக்க வேண்டும். இதுதான் எங்கள் கட்சி.

எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டுக் கைத்தட்டல் வாங்கினார். "யூடியூபில் வீடியோ கிடக்கிறது. அதைப் பார்க்கச் சோம்பல்படுகிறவனுக்கு 39 பேர் உட்கார்ந்து பால் புகட்டணுமா?" சரி. அப்படி உட்கார்ந்த 39 பேரில் நான் ஒருவன்.

2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டை 2019-இல் பழைய வடிவிலேயே மறுபடி திறந்தார்கள். அதில் மோல்டன் கோர் என்று ஒரு நெருப்புக் குகை. 40 பேர் சேர்ந்து இறங்க வேண்டும். உள்ளே ஓர் எதிரி, பெயர் பேரன் கெடன். நம்மில் ஒருவரை வெடிகுண்டாக்கி விடுவான். 8 வினாடிக்குள் அவர் கூட்டத்தை விட்டு ஓட வேண்டும். நின்றால் பக்கத்தில் இருப்பவர்களும் காலி.

இரவு ஒரு மணி. நான் மைக்கில் கத்துகிறேன், "பேரன் கெடன்! பேரன் கெடன்!" உள்ளறையில் படுத்திருந்த பாட்டி கைத்தடியோடு ஓடி வந்துவிட்டார். "எந்தப் பேரன்டா கெட்டான்?" "பாட்டி, இது நம்ம பேரன் இல்லை." "யார் பேரனா இருந்தா என்ன, கெட்டது எப்படி?" அதற்குள் கூலிம் ஊர்ப் பையன் ஒருவன், புதுசு, வெடிகுண்டானான். நடுக்கூட்டத்தில் அப்படியே நின்றான். டமார்! இரண்டாம் முறையும் அவனேதான். டமார்! "அண்ணே, நான் வெளியேறிடுறேன்" என்றான், குரல் உடைந்து.

எதிரணி நண்பரே, அவன் வீடியோ பார்த்தவன். இரண்டு தடவை பார்த்தவன்! வீடியோவில் ஓடுவது வேறு ஒருவன் கால். தன் தலையில் குண்டு என்றதும் இவன் விரல் உறைந்துவிட்டது. அதற்கு எந்த வீடியோவில் மருந்து இருக்கிறது? ஃபைனல் ஃபேன்டசி 14 என்ற விளையாட்டில் புதியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைத் துளிர் போட்டிருப்பார்கள். ஒரு சண்டையை முதன்முறை பார்க்கிறவர் உடன் வந்தால், ஜெயித்ததும் மற்றவர்களுக்கும் கூடுதல் பரிசு. டெஸ்டினி என்ற விளையாட்டில் 6 பேர் போகிற சண்டைக்கு வழிகாட்டுகிறவரை ஷெர்பா என்றே அழைக்கிறார்கள். மலையேற்றிவிடும் ஷெர்பாவிடம் போய்ப் பால் புகட்டுகிறாயா என்று கேட்பீர்களா?

அந்தப் பையனுக்கு வருவோம். பாட்டி முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "புதுசா வந்த பொண்ணு கத்தியை ஆழமா இறக்கிடும். மரம் காயம்பட்டா அந்த இடம் முண்டாயிடும், கணக்கெழுதுற கிராணி அரைப் பேருதான், அரைநாள் கூலிதான் போடுவாரு. என் நிரையை விட்டுட்டுப் போய் அவ கைமேல என் கையை வெச்சு நாலு மரம் சீவுவேன். அஞ்சாவது மரத்துல கையை எடுத்துடுவேன்." சொல்லிவிட்டு மைக்கை வாங்கினார். "தம்பி, பயப்படாதே. அண்ணன் உன் பேரைக் கூப்பிடுவான். கூப்பிட்டதும் சுவர்ப் பக்கம் ஓடு."

மறுபடி இறங்கினோம். குண்டு அவன்மேல்தான் வந்தது. பெயரைக் கூப்பிட்டேன். ஓடினான்! சுவரோரம் தனியாக வெடித்து அவன் மட்டும் மேலே பறந்தான். நாங்கள் 39 பேரும் நின்றோம். பாட்டி தடியால் தரையைத் தட்டினார்.

அதற்கப்புறம் வாரா வாரம் கேட்பார், "குண்டுத் தம்பி வந்தானா?" அவன் பசியாறினானா என்றுகூட மைக்கில் விசாரிப்பார்.

போன தை மாதம் பாட்டி தவறிவிட்டார். மறுநாள் காலை வாசலில், முன்பின் பார்க்காத ஓர் இளைஞன், கையில் மாலையோடு. யாரென்று கேட்டேன்.

"அண்ணே, நான்தான் வெடிகுண்டு" என்றான்.