வெட்சிக்கு உகந்த மண்

நேயர்களுக்கு வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது வெட்சிச் செடி. இட்லிப்பூ என்று சொன்னால் உடனே கண்முன் வந்துவிடும். சிவந்த சிறு பூக்கள் நெருங்கி ஒரே கொத்தாக நிற்கும் அந்தச் செடிதான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் இது, ஆநிரை கவரும் போரைக் குறிக்கும் திணைக்கே பெயர் தந்த பழம்பெருமை உடையது. இன்று உலகின் வெப்பமண்டலத் தோட்டங்கள் பலவற்றிலும் இதைக் காணலாம்.

வெட்சி காபியின் உறவு என்றால் பலரும் வியப்படைகிறார்கள். ஒரு கிளையை எடுத்துப் பார்த்தால் ஐயம் தீரும். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக நிற்கும். அவற்றின் அடிப்பகுதிகளுக்கு இடையே, தண்டோடு ஒட்டியபடி, கூரிய முனையுடைய ஒரு முக்கோணச் செதில் இருக்கும். காபிச் செடியிலும் இதே இடத்தில் இதே செதில் உண்டு. கருஞ்சிவப்பாகப் பழுக்கும் வெட்சிக் கனிக்குள்ளும் பெரும்பாலும் இரண்டு விதைகளே இருக்கும்.

பூவின் அமைப்பு இன்னும் அழகானது. மெல்லிய நீண்ட குழலின் அடியில் தேன் இருப்பதால், நீண்ட உறிஞ்சுகுழல் உடைய பட்டாம்பூச்சிகளுக்கே அது எளிதில் எட்டும். மொட்டு விரியும் முன்பே உள்ளே மகரந்தப்பைகள் வெடித்து, மகரந்தத்தைச் சூல்தண்டின் நுனியில் பூசிவிடுகின்றன. பூ விரிந்ததும் வெளியே நீண்டிருக்கும் அந்நுனி, தேன் தேடி வரும் பட்டாம்பூச்சியின் மீது மகரந்தத்தை ஒட்டுகிறது. அதன் பிறகுதான் அந்நுனியிலுள்ள சூல்முடி இரண்டாகப் பிளந்து, வேறொரு பூவின் மகரந்தத்தை ஏற்கத் தயாராகிறது.

இனி வளர்ப்புக்கு வருவோம். இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மண்ணைப் பற்றித்தான். வெட்சி அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும் செடி. மண்ணின் கார அமில நிலை (pH) 5 முதல் 6 வரை இருந்தால் செழித்து வளரும். ஆனால் நாம் பெரும்பாலும் இதைச் சுவர் ஓரமாக, வேலியாக நட்டுவிடுகிறோம். சிமென்டிலிருந்தும் கட்டட இடிபாடுகளிலிருந்தும் கசியும் சுண்ணாம்பு அந்த மண்ணின் காரத்தன்மையை உயர்த்திவிடுகிறது. அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் அதை எடுத்துக்கொள்ள இயலாது. இளந்தளிர்கள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். செடிக்கு உரம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் உரமிடுவதால் பயனில்லை. சாம்பலோ முட்டை ஓடோ இட்டால் காரத்தன்மைதான் கூடும். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரும் இதே கெடுதலைச் செய்யும். மழைநீர் கிடைக்கும்போது அதை ஊற்றுவது நல்லது.

இதற்கு உடனடி நிவாரணமாக, செடி எளிதில் ஏற்கும் கொடுக்கிணைப்பு (கீலேட்) இரும்புக் கலவையைத் தரலாம். காரமான மண்ணில் அதன் சாதாரண ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை விரைவில் பயனிழக்கும், ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையே அங்கு நிலைத்து நிற்கும். கந்தகத் தூள் மண்ணை மெல்ல மெல்ல அமிலமாக்கும் என்றாலும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதை நம்பிக் காத்திருப்பதைவிட, இலைமட்கு நிறைந்த கலவையிட்ட தொட்டிக்குச் செடியை மாற்றுவதே சிறந்தது என்பது என் கருத்து. நீர் தேங்கும் இடமும் ஆகாது. மூச்சு முட்டும் வேர் இரும்பை எடுக்காது.

இளம் இலையை மட்டும் பார்த்து நின்றுவிடக் கூடாது. அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் விளிம்பு தெளிவான செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றினால், அது சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைந்ததன் அடையாளம். அதற்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை.

பூக்கள் கிளை நுனியில்தான் தோன்றும் என்பதால், கவாத்து செய்யும் காலம் மிக முக்கியமானது. வேலி ஒரே மட்டமாக இருக்க வேண்டும் என்று அடிக்கடி கத்தரிப்பவர்கள் வரவிருக்கும் மொட்டுகளையும் சேர்த்தே வெட்டிவிடுகிறார்கள். ஒரு பூப்பருவம் முடிந்தவுடன் அளவாகக் கத்தரித்தால் புதுக் கிளைகள் பிரிந்து, கொத்துகள் பெருகும். நல்ல வெயில் படவேண்டும். நிழலில் இலை செழிக்கும், பூ குறையும். உறைபனியை இச்செடி தாங்காது.

தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறுவதைக் கண்டால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ செதில் பூச்சியோ அங்கிருக்கும். அவை கழிக்கும் இனிப்பு நீர்மத்தின் மேல்தான் கரும்பூசணம் படர்கிறது. பூச்சியை நீக்கினால் கருமையும் மெல்ல அகலும்.

புதுச் செடிகளை உண்டாக்க விதையைவிடத் தண்டுத் துண்டுகளே ஏற்றவை. மிக இளசாகவும் இல்லாமல் மிக முற்றியும் போகாமல் இருக்கும் கிளையிலிருந்து நான்கைந்து கணுக்கள் உள்ள துண்டை வெட்டி, அடி இலைகளை நீக்கி, மணலும் தேங்காய் நார்க்கழிவும் கலந்த ஈரக் கலவையில் நட்டு, ஈரக்காற்று நீங்காதபடி மூடி, நிழலில் வைக்க வேண்டும். வேர் பிடித்த பின்னும் உடனே வெயிலில் வைக்காமல், சிறிது சிறிதாகப் பழக்கி, அதன் பிறகே நிலத்துக்கு மாற்ற வேண்டும்.

வணக்கம்.