பீட்ரூட் ஜாடிக்கு மூடி திருகியவர்

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மைதானத்திலிருந்து நேராக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்றைக்கு நான் உங்களிடம்தான் பேசப்போகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பீட்ரூட் தொழிற்சாலை. கண்ணாடி ஜாடி வரும். மூடியை வைத்துத் திருக வேண்டும். அடுத்த ஜாடி வரும், மறுபடியும் திருக வேண்டும். நாள் முழுக்க இதுதான் வேலை. ஒரு நாளைக்குக் கூலி 20 பவுண்டு. 2000ஆம் ஆண்டு வாக்கில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த 18 வயதுப் பையன் பெயர் ரிக்கி லாம்பர்ட். இங்கிலாந்தின் பிளாக்பூல் கால்பந்து கிளப் அவரை வெளியே அனுப்பியிருந்தது. மாக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற சிறிய கிளப்பில் சம்பளமில்லாமல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். பயிற்சிக்குப் போகக் காசு வேண்டும், அதற்காகத்தான் பீட்ரூட்.

அதற்கு முன்பே ஒரு அடி விழுந்திருந்தது. லிவர்பூல் நகரத்தை ஒட்டிய கிர்பியில் பிறந்தவர் அவர். பத்து வயதில் லிவர்பூல் கிளப்பின் இளையோர் அணியில் சேர்ந்தார். 15 வயதில், 'நீ வேண்டாம்' என்று அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊர் அணி, சிறுவயதிலிருந்து நெஞ்சில் சுமந்த அணி. இங்கே இருக்கும் பெற்றோருக்கு அந்த வீட்டில் அன்று ராத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் மேல் அடுக்கான பிரிமியர் லீக்கையும் சேர்த்து நான்கு அடுக்குகளில் 92 கிளப்புகள். நாம் டிவியில் பார்ப்பது மேலே இருக்கும் இருபதைத்தான். கீழே இருக்கும் 72 கிளப்புகளில் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தில் விளையாடுகிறவர்கள் ஏராளம். சீசன் முடிந்ததும் ஒரு பட்டியல் வரும்: யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுவிக்கிறோம் என்று. பெயர் இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடம், வாடகைக்கு வேறு வீடு. இப்படி ஊர் ஊராகப் போய் உழைக்கும் ஆட்டக்காரர்களின் தோளில்தான் அந்த நாட்டுக் கால்பந்து நிற்கிறது. இதை நான் மனமார நம்புகிறேன்.

லாம்பர்ட்டை 2001இல் மாக்கிள்ஸ்ஃபீல்ட் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஸ்டாக்போர்ட் 3 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரோச்டேல். தொடக்கத்தில் நடுக்களத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர், ரோச்டேலில் கிராண்ட் ஹோல்ட் என்ற ஆட்டக்காரரோடு தாக்குதல் வரிசையில் ஜோடி சேர்ந்தார். 2005-06 சீசனில் லீக்கில் 22 கோல். நான்காவது அடுக்கில்தான். ஆனால் கோல் கோல்தான். அந்த ஹோல்ட்டும் பின்னாளில் பிரிமியர் லீக் வரை போனவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2006இல் பிரிஸ்டல் ரோவர்ஸ். அடுத்த ஆண்டு, லண்டனில் இருக்கும் தேசிய மைதானமான வெம்பிளியில், யார் மேலே ஏறுவது என்று முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதி ஆட்டத்தில் ஜெயித்து ஒரு அடுக்கு மேலே ஏறினார்கள். 2008 பிப்ரவரியில், எல்லா அடுக்குக் கிளப்புகளும் மோதும், தோற்றால் வெளியே போக வேண்டிய எஃப்.ஏ. கோப்பையில் தங்களைவிட மேல் அடுக்கில் இருந்த சவுதாம்ப்டனை எதிர்கொண்டார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் லாம்பர்ட் ஒரு ஃப்ரீ கிக் எடுத்தார். பந்து எதிராளிமேல் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. ஒரே கோல், சவுதாம்ப்டன் வெளியே. அடுத்த சீசன் லீக்கில் 29 கோல் அடித்தார்.

அந்தச் சவுதாம்ப்டனே 2009 ஆகஸ்டில் பத்து லட்சம் பவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அவரை வாங்கியது! அப்போது அந்தக் கிளப் இருந்த நிலை மோசம். கடனில் மூழ்கி, மூன்றாவது அடுக்குக்கு இறங்கி, அபராதமாக 10 புள்ளி பறிபோய், பூஜ்யத்துக்கும் கீழே சீசனைத் தொடங்கியது. மேனேஜர் அலன் பார்டியூ லாம்பர்ட்டிடம் உடம்பைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசினார். எடை கூடுதல், இதைச் சரிசெய்தால் இன்னும் உயரே விளையாடலாம் என்று. 27 வயதில், ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடி முடித்த ஒருவருக்கு அது சுருக்கென்று தைக்கும் பேச்சு. அவர் கேட்டுக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

முதல் சீசன் லீக்கில் 30 கோல். அடுத்ததில் 21, ஒரு அடுக்கு ஏற்றம். அதற்கடுத்ததில் 27, இன்னொரு ஏற்றம். 2012 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக, 30 வயதில், முதன்முதலாகப் பிரிமியர் லீக் ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். கோலும் அடித்தார். அந்தச் சீசன் மொத்தம் 15.

இங்கே பெனால்டியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சவுதாம்ப்டனுக்காக லாம்பர்ட் எடுத்த பெனால்டி 34. உள்ளே போனது 34. பிள்ளைகளே, பன்னிரண்டு கஜ தூரத்தில் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள். கோல்கீப்பர் கையை விரித்துக்கொண்டு நிற்பார், மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு தடவை அடிப்பதற்கே தொடை நடுங்கும். ஐந்து வருஷம், வேறு வேறு மைதானம், வேறு வேறு கோல்கீப்பர், ஒன்றுகூடத் தவறவில்லை. இதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2013 ஆகஸ்டில் வீட்டில் மகள் பிறந்த அன்றே இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்த செய்தியும் வந்தது. 14ஆம் தேதி வெம்பிளியில் ஸ்காட்லாந்தோடு ஆட்டம். இரண்டுக்கு இரண்டு. வெய்ன் ரூனி வெளியே வர, 31 வயது லாம்பர்ட் உள்ளே போனார். மூன்றே நிமிஷம். லெய்டன் பெய்ன்ஸ் கார்னர் அடித்தார். தன்னைக் காத்து நின்றவரை விட்டு விலகி, எகிறி, நெற்றியால் ஒரே முட்டு. வலை குலுங்கியது. இங்கிலாந்துக்காக அவர் பந்தைத் தொட்டதே அதுதான் முதல் தடவை. ஆட்டம் 3-2.

அந்த ஹெட்டர் வெம்பிளியில் முளைத்ததல்ல. ரோச்டேலிலும் பிரிஸ்டலிலும், சேறும் குளிருமாக, சில ஆயிரம் பேர் மட்டும் பார்த்த ஆட்டங்களில், அதே கார்னருக்கு அதே மாதிரி எத்தனை தடவை எகிறியிருப்பார்! பத்திரிகைகள் இதை ஒரே ராத்திரியில் நடந்த அதிசயம் மாதிரி எழுதின. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நடுவில் கிடக்கும் அந்தப் பன்னிரண்டு வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, முதலில் பீட்ரூட், கடைசியில் வெம்பிளி என்று சொன்னால், அந்த மனிதர் செய்த வேலையையே மறைத்துவிடுகிறோம்.

2014 உலகக் கோப்பைக்கும் பிரேசில் போனார். உருகுவேக்கு எதிராகக் கடைசிச் சில நிமிஷம் ஆடக் கிடைத்தது. அதே கோடையில் 40 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது யார் தெரியுமா? லிவர்பூல். 15 வயதில் வேண்டாமென்ற கிளப்புக்கு 32 வயதில் திரும்பிப் போனார். அங்கே பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது. மொத்தம் 3 கோல். முதல் கோல் நவம்பரில், கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில், ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகாதபோது வந்தது. அந்த ஆட்டத்தில் லிவர்பூல் தோற்றுப்போனது. ஆனாலும் லிவர்பூல் சட்டையில் அந்தப் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டு அவர் ஓடினாரே, அந்தக் காட்சியை நான் இன்றைக்கும் எடுத்துப் போட்டுப் பார்ப்பேன்.