அழுத பிள்ளைக்குச் செவி கொடுப்பது யார்?

(உசிலம்பட்டி வட்டாரத்தில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, அலுவல் நெருக்கடியிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் அவர்களே, களையெடுப்புக் கூலியை ஒரு நாள் விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, தாய்மார்களே, அண்ணன் தம்பிமார்களே, என் செல்லக் குழந்தைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்தச் சாமியானாவும் தண்ணீர் கேனும் தலைவர் தம் சொந்தச் செலவில் தந்தவை. அவருக்கு முதல் நன்றி. ஆய்வாளர் அவர்கள் சீருடை போடாமல் சேலையில் வந்திருக்கிறார்கள். அது ஏன் பெரிய விஷயம் என்பதைப் பிறகு சொல்கிறேன். முப்பத்துநான்கு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு, பொன்னாடைக்குப் பதிலாக ஒரு நீள நோட்டுப் புத்தகம் போதும் என்று கேட்டிருந்தேன். அதையே வாங்கி வைத்திருக்கிறார் தலைமையாசிரியை. அது எதற்கு என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குப் பாதுகாப்புப் பாடமும், ஒருவரையொருவர் மதித்துப் பழகும் பாடமும் பள்ளிக்கூடத்தில் வேண்டுமா, வேண்டாமா? இதுதான் இன்றைய பேச்சு. ஐந்து செய்திகள் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் நம் வீட்டுப் பழமொழி ஒன்று. அழுத பிள்ளை பால் குடிக்கும். என்னிடம் படித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சிரிப்பார்கள், டீச்சர் ஆரம்பித்துவிட்டார் என்று. சிரிக்கட்டும். இந்தப் பழமொழியில் ஒரு ஆள் ஒளிந்திருக்கிறார். பிள்ளை அழுதால் மட்டும் பால் வந்துவிடாது. அடுப்படியில் இருப்பவள் காதில் அந்த அழுகை விழ வேண்டும்; விழுந்ததும் அவள் எழுந்து வர வேண்டும். அந்த ஆளைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன்.

முதல் செய்தி, இந்தப் பாடத்தில் என்னதான் இருக்கிறது என்பது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் உடம்பின் உறுப்புகளுக்குப் பெயர் தெரிய வேண்டும். எது பாதுகாப்பான தொடுதல், எது பாதுகாப்பில்லாத தொடுதல் என்று தெரிய வேண்டும். 'யாரிடமும் சொல்லாதே' என்று ஒரு பெரியவர் சொன்னால், அதையே முதலில் போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிய வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு, முக்கியமாக ஆண்பிள்ளைக்கு, 'வேண்டாம்' என்று ஒருத்தி சொன்னால் அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகத் தெரிய வேண்டும். பின்னாலேயே போய் நின்றால் அவள் மனசு மாறும் என்று எந்தப் படம் சொன்னாலும் அது பொய். இவ்வளவுதான் பாடம்.

இரண்டாவது, இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்ற பயம். இந்தப் பயத்தை நான் இளப்பமாகப் பேசமாட்டேன். எனக்கும் இருந்தது. இளம்பருவக் கல்வி என்று மத்திய அரசு கொண்டுவந்ததை 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், மத்தியப் பிரதேசம் எல்லாம் வேண்டாம் என்று நிறுத்தின. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து 'நல்லதுதான்' என்று சொன்னவள் நான். அதே 2007இல்தான் மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. பதின்மூன்று மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேல், 53 சதவீதம் பேர், ஏதோ ஒரு வகையில் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண்பிள்ளைகள். பாடம் எதுவும் நடத்தாத காலத்துக் கணக்கு இது. இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பையன் முகம் ஞாபகம் வந்தது. அவன் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அவன் பெயரையும் ஊரையும் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு உரிமை இல்லை.

2003ஆம் வருடம். ஆறாம் வகுப்பு. நெற்றியில் எப்போதும் திருநீறு, சட்டையில் மேல் பொத்தானுக்குப் பதில் ஊக்கு. அவன் ஊர் பள்ளியிலிருந்து நாலு கிலோமீட்டர். அந்த ஊர்ப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் மாதக் காசு கொடுத்து ஒரு டிரிப் ஆட்டோ பேசியிருந்தார்கள். தை மாதத்திலிருந்து இவன் மட்டும் ஆட்டோவைத் தவறவிட ஆரம்பித்தான். மணி அடித்ததும் காணாமல் போய்விடுவான். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இருட்டும் நேரத்துக்கு இவன் நடந்தே வீடு போய்ச் சேருவான். காசும் கொடுத்து நடந்தும் வருகிறானே என்று அவன் அப்பா பெல்ட்டைக் கழற்றினார். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று நான் முட்டி போட வைத்தேன். பிரம்பும் எடுத்தேன். எல்லோரும் கேட்டோம், ஆனால் 'ஏண்டா ஆட்டோவில் போகவில்லை' என்று அதட்டித்தான் கேட்டோம். அதட்டினால் பிள்ளை வாய் திறக்குமா?

முத்தாலம்மன் கோயில் திடலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர்ப்புற நூலகம் இருந்தது. ஓட்டுக் கட்டடம், இரண்டு பெஞ்சு, ஒரு டியூப்லைட். அங்கே ஒரு அக்கா வேலை பார்த்தார், சொற்ப ஊதியத்துக்கு. வாசலில் ஒரு பதிவேடு. வருகிற ஆள் பெயர் எழுதி, நேரம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். நம் பையன் தினமும் அங்கேதான் போயிருக்கிறான். ஆட்டோ போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு நடப்பான். செருப்புத் தேய்ந்தால் அடி விழும் என்று செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலில் நடப்பான். அந்த அக்கா ஒரு நாள் பதிவேட்டைப் புரட்டியிருக்கிறார். இரண்டு மாதமாக ஒரே கையெழுத்து, ஒரே நேரம். 4.25, 4.25, 4.25. அவர் பையனை அதட்டவில்லை. ஒரு கடலை மிட்டாயைக் கையில் கொடுத்து, "தம்பி, நீ புத்தகம் படிக்க வரலையே, எதையோ கண்டு ஒளிய வர்றியா?" என்று கேட்டிருக்கிறார். பையன் மிட்டாயைத் தின்னவில்லை. "அக்கா, ஆட்டோவுல முன்சீட்டுல உக்காரச் சொல்றாரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

(கூட்டத்தில் ஒரு தாய் அழுதார். தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்தேன்.)

அந்த அக்கா மறுநாள் பள்ளிக்கு வந்து என் முன்னால் நின்றார். பதிவேட்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான்கு மாதம் என் வகுப்பில் இருந்த பிள்ளை. நான் பார்க்காததை ஒரு பதிவேடு பார்த்திருந்தது. பிறகு என்ன நடந்தது? ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஆட்டோக்காரரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள், 'ஆம்பளப் பயதானே' என்று முடித்துவிட்டார்கள். ஆண்பிள்ளையையும் காப்பதற்கென்று தனிச் சட்டம் அப்போது இல்லை. நானும் எழுந்து வந்துவிட்டேன். அந்த மௌனத்துக்காகத்தான் இன்றைக்கு ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குச் சட்டம் இருக்கிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14 முதல். பதினெட்டு வயதுக்குக் கீழே ஆணும் ஒன்றுதான், பெண்ணும் ஒன்றுதான். தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால் குற்றம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம்வரை சிறை. ஊர்க் கூட்டம் போட்டுப் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. பிள்ளையைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்த வேண்டுமே என்று பயப்படும் தாய்மார்கள் இதைக் கவனியுங்கள். பிள்ளை இருக்கும் வீட்டிலேயே, அல்லது பிள்ளை விரும்பும் இடத்திலேயே வாக்குமூலம் வாங்கலாம். கூடியமட்டும் பெண் அதிகாரிதான் வர வேண்டும். சீருடையில் வரக்கூடாது. இரவில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக்கூடாது. பெயர் வெளியே வரக்கூடாது. ஆய்வாளர் அம்மா இன்று சேலையில் வந்ததன் அர்த்தம் இதுதான். குழந்தைகள் உதவிக்குக் கூப்பிடும் 1098 எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். எங்கே, எல்லோரும் ஒரு தடவை சொல்லுங்கள். சபாஷ்.

என் மகள் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் இருக்கிறாள். அங்கே குடும்ப வன்முறை பற்றி விசாரித்த ஆணையம் 2016இல் அறிக்கை கொடுத்து, ஆரம்ப வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை மதித்துப் பழகும் பாடம் நடத்தச் சொன்னது. அங்கேயும் எதிர்த்தவர்கள் உண்டு. பேத்தி என்னிடம், "கட்டிப்பிடிக்கலாமான்னு கேளுங்க பாட்டி" என்கிறாள். முதல் நாள் எனக்குச் சுருக்கென்றது. இப்போது கேட்டுவிட்டுத்தான் பிடிக்கிறேன். ஓடி வந்து மடியில் ஏறிக்கொள்கிறாள்.

மூன்றாவதாகக் கைப்பேசியைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். அது தனியாக ஒரு நாள் பேச வேண்டிய சங்கதி. நான்காவது சட்டம், சொல்லியாயிற்று. என் மனசு முழுக்க ஐந்தாவதில்தான் இருக்கிறது.

நாம் மதுரைச் சீமைக்காரர்கள். சிலம்போடு வந்து நீதி கேட்ட கண்ணகி கதையை மேடைக்கு மேடை பேசுகிறோம். அதில் ஒருவரை விட்டுவிடுகிறோம். வாயிற்காவலன். தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு வந்தவளைப் பார்த்து அவன் விரட்டவில்லை. உள்ளே ஓடிப்போய், இப்படி ஒருத்தி வாசலில் நிற்கிறாள் என்று ராஜாவிடம் சொன்னான். அதனால்தான் அவள் குரல் சபைக்குள் போனது. நம் பிள்ளைகளுக்கு அந்த வாயிற்காவலன் யார்? பாடத்தை ஆசிரியர் நடத்தலாம். ஆனால் தொந்தரவு கொடுப்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்? பள்ளிக்குள்ளேயே இருந்தால்? வீடும் இல்லாமல் பள்ளியும் இல்லாமல் மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். காசு கேட்காத, சாதி கேட்காத இடம். அழுத பிள்ளை பால் குடிக்கும், அழுவதற்கு ஓர் இடம் இருந்தால்.

அந்த ஓட்டுக் கட்டட நூலகம் இன்று பூட்டிக் கிடக்கிறது. வாசலில் ஆடு கட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊர் நூலகம் காலையில் கொஞ்ச நேரம் திறக்கிறது, அதாவது பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில். மதுரை நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்தது. ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஆட்டோவுக்குப் பயந்து அங்கே ஓட முடியாது. சுதந்திர இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் சென்னை மாகாணம், 1948இல். வீட்டு வரி ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி நீங்கள் கட்டுகிறீர்கள். உங்கள் காசு அது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

தலைவர் அவர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். வருகிற அக்டோபர் 2 கிராமசபையில் ஒரு தீர்மானம் வையுங்கள். நூலகம் மாலை நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை திறந்திருக்க வேண்டும். அதில் இருப்பவருக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நீங்கள் ஒரு தீர்மானம் போட்டு வட்டாரக் கல்வி அலுவலர் அம்மாவிடம் கொடுத்தால் அவர் மேலே அனுப்புவார். தலையசைக்கிறார், நன்றி அம்மா.

இப்போது அந்த நீள நோட்டு. வாசல் பக்கம் மேசையில் பேனாவோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நூலகத்தைச் சாயங்காலம் திறக்கச் சம்மதம் உள்ளவர்கள் போகும்போது கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாத அம்மாக்கள் கைநாட்டு வையுங்கள். பிள்ளைகளும் போடலாம். பெயர் எழுதுங்கள், பக்கத்தில் நேரமும் எழுதுங்கள். அடுத்து ஆய்வாளர் அம்மா பேசுவார்கள். நன்றி, வணக்கம்.