மறுமொழி வராத காதல்: நாவல்களில் பித்து எப்படி இயங்குகிறது?

(திரையில்: கறுப்புப் பின்னணியில் ஒரே வரி. "சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்")

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் வரும் அடி இது. கைக்கிளைக்கு, அதாவது ஒருதலைக் காமத்துக்கு, இலக்கணம் சொல்கிறது. அவன் பேசுகிறான். எதிரே இருப்பவளிடமிருந்து மறுமொழி வரவில்லை. வராதது அவனுக்கு உறுத்தவும் இல்லை. தான் பேசியதிலேயே இன்பம் காண்கிறான்.

உலக நாவல்களில் காதலையும் பித்தையும் பிரித்தறிய எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைத்ததில்லை. தூக்கம் போவது, தெருமுனையில் காத்துக் கிடப்பது, கடிதத்தைக் கிழித்துக் கிழித்து எழுதுவது எல்லாம் இரண்டிலும் உண்டு. எவ்வளவு தீவிரம் என்று அளந்தால் குழப்பம்தான் மிஞ்சும். மறுமொழி கதைசொல்லியின் காதில் விழுகிறதா என்று பாருங்கள்.

(திரையில்: இலையுதிர்ந்த ஒரு குச்சி. மெல்ல அதன்மேல் வெண்படிகங்கள் படர்கின்றன.)

1822இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் காதலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சால்ஸ்பர்க் பக்கத்து உப்புச் சுரங்கத்தில் ஒரு மொட்டைக் கிளையைப் போட்டுவிட்டுச் சில மாதம் கழித்து எடுத்தால், அது முழுக்கப் படிகம் பூத்து வைரம்போல் மின்னும். காதலிப்பவன் மனத்துக்குள் நடப்பதும் இதுதான் என்றார். நாவலாசிரியருக்கு இங்கே ஒரு சங்கடம் வருகிறது. கதையைச் சொல்பவன் அந்தக் காதலனே என்றால், நாம் பார்ப்பது படிகத்தை மட்டும்தான். உள்ளே இருக்கும் கிளையை எப்படிக் காட்டுவது?

துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக் 2008இல் வெளியிட்ட 'மாசின்மையின் அருங்காட்சியகம்' இதை எப்படிச் செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். முடிவைச் சொல்லப்போகிறேன், இனிமேல்தான் படிக்க வேண்டும் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

(திரையில்: சுவர் நிறைய சிகரெட் துண்டுகள்.)

கெமால் என்பவன், ஃப்யூசுன் என்ற பெண்ணின் வீட்டுக்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்வருகிறான். அவள் தொட்ட பொருள்களை எடுத்து வந்து சேர்க்கிறான். அவள் புகைத்துப்போட்ட சிகரெட் துண்டுகள் மட்டும் 4,213. பாமுக் 2012இல் இஸ்தான்புல்லில் உண்மையாகவே ஓர் அருங்காட்சியகம் திறந்து, அத்தனை துண்டுகளையும் ஒரே சுவரில் வைத்தார். பார்க்கிறவர்களுக்கு மனம் கரைந்துவிடும். எனக்கும்தான்.

ஆனால் ஃப்யூசுனுக்கு என்ன ஆசை? நடிகையாக வேண்டும் என்று. அவள் அதை மறைத்ததே இல்லை. அவளுக்காகப் படமெடுப்பதாகச் சொல்லி நிறுவனமே தொடங்கும் கெமால், அவள் திரைக்கு வரும் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறான். அத்தனை துண்டுகளை எண்ணத் தெரிந்தவனுக்கு, அவள் வாயால் கேட்ட ஒன்று மட்டும் கணக்கில் வரவில்லை. கடைசியில் அதைத்தான் அவன் முகத்துக்கு நேரே கேட்கிறாள். பிறகு காரை மரத்தை நோக்கி ஓட்டுகிறாள். பாமுக் கெமாலைத் திட்டவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. ஃப்யூசுனின் பேச்சை அங்கங்கே, கெமாலுக்குப் புரியாமலே, நம் காதில் போட்டு வைத்திருக்கிறார். அந்த இடங்களில்தான் கிளை தெரிகிறது.

(திரையில்: ஒரு பெயர் அழிக்கப்பட்டு, மேலே இன்னொரு பெயர் எழுதப்படுகிறது.)

1955இல் வந்த, ரஷ்யாவில் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் நபக்கோவின் 'லோலிதா' நாவலைக் காதல் கதை என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். எனக்கு வருத்தமாக இருக்கும். பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கைக்குள் வைத்துச் சிதைத்தவனின் வாக்குமூலம் அது. அவள் பெயர் டொலோரெஸ். லோலிதா அவன் சூட்டியது. அவன் நடை அழகாக இருப்பதுதான் பொறி. நாமும் படிகத்தில் மயங்கி அவளை மறந்துபோகிறோம். ஒருநாள் அவள் வேறு யாரிடமோ பேசுவது அவன் காதில் விழுகிறது. சாவில் கொடுமையே முழுக்கத் தனியாக விடப்படுவதுதான் என்கிறாள். அந்த மனத்துக்குள் என்ன இருந்தது என்று தனக்கு எதுவுமே தெரியாது என்பது அப்போது அவனுக்கு உறைக்கிறது. தொல்காப்பியரின் அடிக்குத் திரும்பிப் போனால், அங்கேயும் எதிரே இருப்பவள் 'காமம் சாலா இளமையோள்'. மறுமொழி சொல்லும் பருவமே வராதவள்.

அப்படியானால் பித்து ஒருபோதும் காதலாக மாறாதா? கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸ் 1985இல் வெளியிட்ட 'காலரா காலத்தில் காதல்' மாறும் என்கிறது, பெரிய விலை வைத்து. ஃப்ளோரென்டினோ என்பவன், வேறொருவனை மணந்துகொண்ட ஃபெர்மினாவுக்காக 51 ஆண்டு, 9 மாதம், 4 நாள் காத்திருக்கிறான். அவள் கணவன் இறந்த அன்றே வந்து காதலைச் சொல்ல, அவள் விரட்டிவிடுகிறாள். அதுவரை அவன் எழுதியதெல்லாம் தன் ஏக்கம். பிறகு வேறு வகைக் கடிதம் எழுதத் தொடங்குகிறான்: முதுமை பற்றி, மரணம் பற்றி, வாழ்க்கை பற்றி. துக்கத்தில் இருப்பவளுக்கு அது துணையாகிறது. அவள் பதில் சொல்லத் தொடங்குகிறாள். அரை நூற்றாண்டுக் காத்திருப்பைவிட அந்தக் கடிதங்கள்தான் எனக்குக் காதலாகத் தெரிகின்றன. விலை என்னவென்றால், அவன் பாதுகாப்பில் விடப்பட்டிருந்த பள்ளிச் சிறுமி ஒருத்தியின் உயிர். அவளையும் அவன் பயன்படுத்திக்கொண்டான். புகழ்பெற்ற காதல் கதைகளின் பட்டியலில் இந்த நாவலைச் சேர்ப்பவர்கள் அவள் பெயரைச் சொல்வதே இல்லை: அமெரிக்கா விகூன்யா.

(திரையில்: வெற்று அறை. ஒரு தம்புரா.)

தமிழில் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைப் பாபு ஆண்டுக்கணக்கில் தெய்வமாக்கி, சங்கீதமாக்கி, முள்ளாக்கிச் சுமக்கிறான். கடைசியில் அவள் இணங்குகிறாள். எல்லாம் முடிந்த பிறகு அவனிடம், இதற்குத்தானா என்று கேட்கிறாள்.

(ஒலி நிற்கிறது. திரையில் அந்தக் கேள்வி மட்டும்.)