பனிக்காற்றும் பாவைத்தோலும்

(பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில் மாசி மாதத்து மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே, பகவதி கோயிலான காவின் கமிட்டியிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, வாசகசாலைச் செயலாளர் அவர்களே, சித்தூர் தாலுகாவின் தமிழ்ப் பள்ளிகளிலிருந்து வகுப்பு முடிந்த கையோடு பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசைத் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். பஞ்சாயத்துத் தலைவருக்குத் தனியாக இன்னொரு வணக்கம். மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்ததோடு, கூட்டம் தொடங்கும் முன்பே வந்து நாற்காலி போதுமா என்று எண்ணிப் பார்த்தவர் அவர். காவுக் கமிட்டிப் பெரியவர்கள் பூரத் திருவிழா வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இந்த மாதத்தில் அவர்களுக்கு ஒரு மணி நேரம் என்பது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கடைசியில் கேட்கிறேன்.

கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும் என்பது நம் பழமொழி. கம்பன் பிறந்த தேரழுந்தூர் காவிரி நாட்டில் இருக்கிறது. கட்டுத்தறி இன்றைக்கும் விடிய விடியப் பாடிக்கொண்டிருப்பது பாரதப்புழைக் கரையில். பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களின் பகவதி காவுகளில், கூத்துமாடம் என்ற நீண்ட மேடையில், கம்பராமாயணச் செய்யுளைப் பாடி, தோல் பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டும் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. தை பிறந்தால் தொடங்கி வைகாசிக்குள் முடியும். காவுக்குக் காவு கணக்கு வேறு. ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தோரு இரவு, சில இடங்களில் அதற்கும் மேல். நடத்துகிறவர்களை ஊரார் புலவர் என்றுதான் அழைக்கிறார்கள். பாவையாட்டி என்று அழைப்பதில்லை. அந்த மரியாதையை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்தேன். தோல், விளக்கு, பாட்டு. தோலிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய பாவைகள் மான் தோலில் செய்தவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு புதிய பாவைக்கு மான் தோல் என்ற பேச்சே இல்லை. வெள்ளாட்டுத் தோல்தான். அதுவும் பதனிட்ட தோல் உதவாது. பதனிட்டால் தோல் மெத்தென்று ஆகிவிடும், வெளிச்சம் ஊடுருவாது. பச்சைத் தோலாக, அறுத்த அன்றே, உப்புப் போடும் முன்பே வாங்க வேண்டும். கழுவிப் பலகையில் இழுத்து நான்கு பக்கமும் ஆணியடித்து நிழலில் காயவிடுகிறார்கள். சாம்பல் தேய்த்து மயிரைச் சுரண்டுகிறார்கள். பிறகு தசைப் பக்கத்தையும் சுரண்டி மெலிதாக்கி, விளக்குக்கு முன்னால் பிடித்து, பின்னால் கைவிரலை நீட்டிப் பார்ப்பார்கள். விரலின் நிழல் தெரிந்தால் தோல் தயார். தெரியாவிட்டால் இன்னும் சுரண்ட வேண்டும்.

உருவம் வரைந்த பிறகு வெட்டுவதில் ஒரு வரிசை இருக்கிறது. உள்வேலை முதலில், வெளிக்கோடு கடைசியில். கிரீடத்து முத்து, மார்பு ஆரம், உடையின் பூ, எல்லாவற்றுக்கும் வெவ்வேறு வாய் உள்ள சிறு உளிகளை வைத்துத் தட்டித் துளை போடுகிறார்கள். வெளிக்கோட்டை முதலில் வெட்டிவிட்டால் தோலைப் பிடிக்க இடம் இருக்காது. உளி விழும்போது நகரும், முத்து வரிசை கோணும். உளி மழுங்கியிருந்தால் துளை விழாது, கிழிசல்தான் விழும். அந்தக் கிழிசல் பத்து இரவு ஆடியதும் அடுத்த துளைவரை ஓடிவிடும். சாயம் இரண்டு பக்கமும் பூச வேண்டும். கடைசியில் பிளந்த மூங்கிலை முதுகுத்தண்டாக வைத்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டை இறுக்கக் கூடாது. தோல் சுருங்கும்போது இறுகிய கட்டு அந்த இடத்திலேயே தோலை அறுத்துவிடும்.

இப்போது காற்றுக்கு வருகிறேன். வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவே மலை விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலம். மார்கழியிலும் தையிலும் கிழக்கிலிருந்து அந்த வழியாக வரும் காற்றில் ஈரமே இருக்காது. நம் உதடு வெடிப்பது அதனால்தான். பலகையில் அடித்த தோலுக்கும் அதே கதி. ஓரம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, நடு இன்னும் ஈரமாக இருக்கிறது. ஆணியைக் கழற்றினால் எண்ணெயில் போட்ட அப்பளம் போல வளைந்து எழும்பும். அதை மறுபடி நனைத்து அடித்தாலும் முன்போல் வராது. அதனால் பனிக்காலத்தில் ஓரங்களில் ஈரத்துணி சுற்றி, பலகையைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, மெதுவாகக் காயவிடுகிறார்கள். மாசி பின்பகுதியில் காற்று தணியும். பங்குனியில் ஈரக்காற்றும் கோடைமழையும் எட்டிப் பார்க்கும். உப்புப் போட்ட தோலில் செய்த பாவை இருந்தால் அப்போதுதான் சாயம் வெளுக்கும். உள்ளே தங்கிய உப்பு ஈரத்தை இழுக்கிறது. ராவணன் திரையில் நிமிர்ந்து நிற்க மாட்டான், இடுப்பில் மடிந்து தொங்குவான். பெட்டியில் பாவைமேல் பாவையாக அடுக்கியிருந்தால் சாயம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இடையில் பழைய வேட்டித்துணியைப் போடுவது அதற்காகத்தான். பூஞ்சணம் கண்டால் உலர்ந்த துணியால் துடைத்துச் சற்று நேரம் இளவெயில் காட்டலாம். தண்ணீர் மட்டும் படவே கூடாது.

இந்த வேலையெல்லாம் யார் செய்கிறார்கள்? புலவர் விடியும்வரை பாடிவிட்டு வந்து உச்சிவேளையில் தூங்குகிறார். அறுந்த கைக்கு நூல் கோத்து, தளர்ந்த மூங்கிலை மாற்றி, அன்றிரவுக்கு வேண்டிய பாவைகளை வரிசைப்படி எடுத்து வைப்பது அந்த வீட்டுப் பெண்கள். கூத்துமாடத்துக்குள் பெண்கள் ஏறாத காலமெல்லாம் இந்த வேலை வீட்டுக்குள் நடந்துகொண்டேதான் இருந்தது. இப்போது பெண்களே நடத்தும் குழுவும் வந்துவிட்டது. இந்த மேடையிலிருந்து அவர்களை வாழ்த்துகிறேன். கூனத்தறை கிருஷ்ணன்குட்டிப் புலவர் இந்தக் கலையைக் காவுக்கு வெளியே பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மகன் ராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கம்பன் வீட்டுக் கட்டுத்தறிக்கு இந்திய அரசு போட்ட மாலை அது. பலமாகக் கை தட்டுங்கள்.

அடுத்தது விளக்கு. கூத்துமாடத்தின் நீளம் 42 அடி. மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாகத் திரை. பின்னால் 21 தேங்காய் மூடிகளில் தேங்காய் எண்ணெய் ஊற்றிச் சம இடைவெளியில் திரி போடுகிறார்கள். கோயிலிலிருந்து கொண்டுவரும் தீயில்தான் முதல் திரி எரிய வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். தை மாதத்துப் பின்னிரவில் இங்கே குளிர் அதற்கும் கீழே போகிறது. திரிமுனையில் சூடு இருந்தாலும் மூடியின் ஓரத்து எண்ணெய் நெய்போல உறைந்து நிற்கும், திரிக்கு ஏறாது. விளக்கு ஒவ்வொன்றாக மங்கும். எண்ணெயை முன்பே லேசாகச் சூடாக்கி ஊற்ற வேண்டும். பங்குனியில் எண்ணெய் நீராக ஓடும், திரி வேகமாகக் குடிக்கும், நடு இரவில் மறுபடி ஊற்றியாக வேண்டும். காற்றுக்குப் பயந்து திரியைத் தடிமனாக்கினால் புகை கிளம்பித் திரை கறுக்கும். போர்க்களக் காட்சியில் தெள்ளிப்பொடியை, அதாவது மரப்பிசின் பொடியை, விளக்கில் வீசினால் குபீரென்று தீ எழும். பொடியை வீசும் கை திரையிலிருந்து விலகியிருக்க வேண்டும். திரையும் பாவையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

இவ்வளவு பாடுபட்டு ஆடும்போது எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பல இரவுகளில் யாருமே இல்லை. இதைப் பார்த்துவிட்டு, ஆளில்லாத கூத்து அழியப்போகிற கூத்து என்று சிலர் எழுதுகிறார்கள். காவுகளில் வழங்கும் கதையைக் கேட்டால் அப்படி எழுத மாட்டார்கள். தாய்மார்களே, இதை முழுதாகச் சொல்கிறேன், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தாரிகன் என்று ஓர் அசுரன். தவம் செய்து பிரமனிடம் வரம் வாங்கினான். ஆண் எவனாலும் தனக்குச் சாவு வரக் கூடாது என்பது வரம். பெண்ணால் சாவு வரக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறாயா என்று பிரமன் கேட்க, பெண்ணா, என்னையா என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு நெடுநாள் நிற்கவில்லை. தேவர்களை அடித்தான், முனிவர்களை விரட்டினான். எல்லோரும் கயிலாயத்துக்கு ஓடினார்கள். சிவபெருமானின் நெற்றிக்கண் திறந்தது. அதிலிருந்து புறப்பட்டாள் பத்திரகாளி. அம்மா, போ என்றார் அப்பா. போனாள். எத்தனை நாள் சண்டை! அவன் மறைந்தால் இவள் தேடுகிறாள். இவள் பிடித்தால் அவன் நழுவுகிறான். கடைசியில் தலையை அறுத்துக் கையில் பிடித்தபடி கயிலாயம் திரும்பினாள். கோபம் தணியவில்லை. பார்த்தால் அங்கே எல்லோரும் வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். என்ன பேச்சு என்று கேட்டாள். இலங்கையில் ராமன் ராவணனை வதைத்த பேச்சு. தேவர்கள் எல்லோரும் வானத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். இவள் மட்டும் பார்க்கவில்லை. அதே நாட்களில் இவள் தாரிகனோடு போர்க்களத்தில் நின்றாள். யாருக்காகப் போர் செய்தாளோ அவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். நான் ஒருத்தி மட்டும் பார்க்காமல் போனேனே அப்பா என்றாள். சிவபெருமான் சொன்னார்: மகளே, பூமியில் உன் காவுகளில் நீ இரு. வருஷம் தோறும் அந்தப் போரை உன் கண்முன்னால் ஆட வைக்கிறேன், இருந்த இடத்தில் இருந்து பார்.

அதனால்தான் கூத்துமாடம் சன்னிதியைப் பார்த்து நிற்கிறது. அம்மை பார்க்கிறாள். வேலைக்குப் போயிருந்ததால் கதை கேட்க முடியாமல் போன மகளுக்குத் தகப்பன் சொல்லும் கதை இது. நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நமக்கும் உண்டு.

ஆனால் அம்மை கேட்பது தமிழ். என் கவலை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. தோலுக்கு வழி இருக்கிறது, எண்ணெய்க்குக் கமிட்டி இருக்கிறது. பாட்டுக்கு யார் இருக்கிறார்கள்? செய்யுள் கம்பனுடையது. விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. ஒரு புலவர் ஒரு பாத்திரமாகக் கேள்வி கேட்பார், இன்னொருவர் வேறு பாத்திரமாகப் பதில் சொல்வார். இலக்கணம், சோதிடம், வைத்தியம், எதில் வேண்டுமானாலும் கேள்வி வரும். இந்தப் பாடம் மலையாள எழுத்தில் எழுதிய நோட்டுப்புத்தகங்களில் இருக்கிறது. குரு வாயால் சொல்ல, சீடன் காதால் வாங்குகிறான். குரு பக்கத்தில் இருக்கும்வரை சொல் பிரிய வேண்டிய இடத்தில் பிரியும். அவர் காலத்துக்குப் பிறகு நோட்டு மட்டும் மிஞ்சினால், சீர் எங்கே முடிகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பொருள் தெரியாமல் பாடினால் விளக்கம் சுருங்கும், விளக்கம் சுருங்கினால் இருபத்தோரு இரவு ஏழாகும். ஒரு பிள்ளை தேற ஐந்தாறு வருஷமாவது ஆகிறது. அதற்குக் கிடைக்கும் மாதங்களோ கூத்து மாதங்கள். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை, அதே மார்ச்சில் பூரம். பகலில் கணக்குப் பாடம், இரவில் கும்பகர்ணன். எந்தத் தாய்தான் பிள்ளையைக் கூத்துமாடத்துக்கு அனுப்புவாள்?

கட்டுத்தறி கவி பாடும் என்று சொல்லிச் சொல்லி, தறிக்கு எழுத்துச் சொல்லித் தராமலே இருந்துவிட்டோம். தமிழ் மீடியம் பள்ளிகள் இந்தத் தாலுகாவில் இருக்கின்றன. ஷொர்ணூர்ப் பக்கத்துப் புலவர் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துப் படிக்க ஏற்பாடு இல்லை. இரண்டும் ஒரே மாவட்டம்தான்.

என் வேண்டுகோள் இதுதான். ஏப்ரல், மே விடுமுறையில் எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம். பத்துப் பிள்ளைகள் போதும், பையனும் வரட்டும், பெண்ணும் வரட்டும். முதல் மூன்று வாரம் எழுத்தும் வாசிப்பும். மலையாளம் படித்த பிள்ளைக்கு ழகரமும் றகரமும் நாக்கில் இருக்கின்றன. எழுத்து வடிவமும், க, ச, த, ப இடத்துக்கு இடம் ஒலி மாறுவதும் மட்டும்தான் புதிது. அடுத்த ஐந்து வாரம் கூத்தில் பாடும் செய்யுளையே பாடமாக வைக்க வேண்டும், யுத்தகாண்டத்திலிருந்து நாளுக்கு நான்கு பாட்டு. புலவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ராகத்தோடு பாட, ஆசிரியர் சொல் பிரித்துச் சொல்ல, பிள்ளை எழுதிக்கொள்ள வேண்டும். புலவருக்கு அந்த நாளின் கூலியைக் கையில் கொடுத்துவிட வேண்டும், பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடக் கூடாது. அவர் பாடுவதை ஒரு மொபைலில் பதிவு செய்து, தேதியும் காண்டமும் படலமும் குறித்து வைக்க வேண்டும்.

காவுக் கமிட்டிப் பெரியவர்களிடம் நான் கேட்பதாகச் சொன்னது இதுதான். பூரத்து வாணவேடிக்கையில் ஒரு பங்கைக் குறைத்து, புத்தகத்துக்கும் புலவர் கூலிக்கும் ஒதுக்கித் தாருங்கள். ஆசிரியப் பெருமக்களில் இரண்டு பேர் முன்வந்தால் போதும், பஸ் கட்டணம் எங்கள் பொறுப்பு. இடத்துக்கு வாசகசாலைச் செயலாளர் தலையசைத்துவிட்டார், அவருக்கு நன்றி. ஏப்ரல் முதல் சனிக்கிழமை வகுப்பைத் தொடங்கலாம். வாசலில் மேசைமேல் ஒரு நோட்டு இருக்கிறது. கற்றுத்தர வருகிறவர்கள் முதல் பக்கத்திலும், செலவு ஏற்கிறவர்கள் இரண்டாம் பக்கத்திலும் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். வணக்கம்.