காவலுக்கு ஊர்வாரியாகப் பங்கு போடாதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஈரோட்டுப் பெரியோர்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

காவல் துறைச் செலவில் உள்ளாட்சிகளும் பங்கு கொடுக்க வேண்டுமா என்பது கேள்வி. கூடாது, மாநில அரசே முழுக்க ஏற்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தலைவர் இங்கிலாந்தைக் காட்டினார். அங்கே வீட்டு மதிப்பை வைத்து உள்ளாட்சி போடும் கவுன்சில் வரி, வீட்டுக்கு வரும் அந்த வரிச் சீட்டிலேயே போலீசுக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும், பணம் கொடுப்பதால் ஊர்க்காரன் கேள்வி கேட்கிறான் என்றார். சரி, வரி இருப்பது உண்மைதான். ஆனால் வசதியான சர்ரே பகுதியில் போலீசுக்கு வரும் பணத்தில் பாதிக்கு மேல் அந்த வரியிலேயே கிடைத்துவிடுகிறது. வடக்கே நார்த்தம்பிரியாவில் வீட்டு மதிப்பு குறைவு, வரியை ஏற்றினாலும் அவ்வளவாகத் தேறாது. 2010க்குப் பிறகு அரசு மானியத்தை வெட்டியபோது பலமாக அடிபட்டவை இப்படிப்பட்ட பகுதிகள்தான். அந்த ஏற்பாட்டையா இங்கே கொண்டுவரச் சொல்கிறீர்கள்?

திருப்பூர் மாநகராட்சிக்குக் கம்பெனிகளும் கடைகளும் சொத்து வரி கட்டும். மூலனூர்ப் பக்கம் ஒரு கிராம ஊராட்சிக்கு என்னங்க வரும்? வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கொஞ்சம் தொழில் வரி. அதனிடம் போய் ரோந்து ஜீப்புக்கு டீசல் காசு கேட்டால் எங்கிருந்து தரும்?

ஆனால் ரோந்து அதிகம் தேவைப்படுவது அங்கேதான். சாளைகள், அதுதான் தோட்டத்து வீடுகள், எப்படி இருக்கின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார் ரோட்டை விட்டு, இரண்டு பக்கமும் வேலி போட்ட மண்பாதையான இட்டேரியில் இறங்கி வெகுதூரம் போக வேண்டும். சத்தம் போட்டால் பக்கத்துச் சாளைக்குக் கேட்காது. பிள்ளைகள் கோயமுத்தூரில், பெங்களூரில். வீட்டில் அப்பாரும் ஆத்தாளும் மட்டும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025இல் சிவகிரி பக்கம் முதிய தம்பதியைக் கொன்றார்கள். ஒன்று திருப்பூர் மாவட்டம், இன்னொன்று ஈரோடு மாவட்டம். தனிப்படை போட்டுத் தேடினார்கள். நாளைக்கு இப்படி ஒரு தனிப்படைக்கு எந்த ஊராட்சி எவ்வளவு கொடுப்பது என்று பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்க முடியுமா?

இப்போதே பாருங்கள், டவுனில் நடுரோட்டுத் தடுப்பு வேலியில் நகைக்கடை பேர், ஜவுளிக்கடை பேர். கேமராவும் வியாபாரிகள் வாங்கிக் கொடுத்தது. அவர்கள் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் கொடுக்க ஆள் இருக்கிற கடைவீதியில் கேமரா நிற்கிறது, இட்டேரி முனையில் இல்லை. காசு உள்ள இடத்துக்குக் காவல் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அரசியலமைப்பில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1992 திருத்தங்கள் ஊராட்சிகளுக்கு 29 துறைகளையும் நகராட்சிகளுக்கு 18 துறைகளையும் காட்டின. அவற்றில் போலீஸ் இல்லை. தெருவிளக்கு இருக்கிறது. அந்த விளக்கை எரிய வைப்பதும், ரோட்டோரப் புதரை வெட்டுவதும் உள்ளாட்சியின் வேலை. அதைச் செய்யச் சொல்லுங்கள், நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

பனியனுக்கும் மஞ்சளுக்கும் விசைத்தறித் துணிக்கும் ஜிஎஸ்டி, பத்திரம் பதிந்தால் முத்திரைத் தீர்வை என்று இந்த மண் ஏற்கெனவே கஜானாவுக்குக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. சாளையில் தனியாக இருக்கிற ஆத்தாளுக்கு ராத்திரி ரோந்து அந்தக் கஜானாவிலிருந்தே வர வேண்டும். அதற்கென்று ஊராட்சியிடம் இன்னொரு ரசீது நீட்டாதீர்கள் என்று தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.