மாநில எல்லையும் கிராம் கணக்கும்

வணக்கம், நேயர்களே. அமெரிக்காவில் 24 மாநிலங்களில் 21 வயது நிரம்பியவர் சிறிதளவு கஞ்சா வைத்திருந்தால் மாநிலப் போலீஸ் வழக்குப் போடாது. அந்தத் தைரியத்தில் நம் பிள்ளைகள் எப்படி மாட்டிக்கொள்கிறார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். குறிப்பாக எஃப்-1 மாணவர் விசாவிலும், எச்-1பி வேலை விசாவிலும், கிரீன் கார்டிலும் இருப்பவர்கள் கேட்க வேண்டும். மாநிலச் சட்டம், மத்திய போதைப்பொருள் சட்டம், குடிவரவுச் சட்டம் மூன்றும் தனித்தனி. முதலாவது விட்டுவிட்டதை மற்ற இரண்டும் விடுவதில்லை.

முதலில் மாநிலங்கள். அனுமதி இருக்கும் இடத்திலும் அளவு உண்டு. கலிபோர்னியாவில் காய்ந்த பூ 28.5 கிராம், எண்ணெயாகவோ மெழுகாகவோ வடித்தது 8 கிராம். 28.5 கிராமுக்கு மேல் பூ இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். இல்லினாயில் அந்த மாநிலத்தவருக்கு 30 கிராம். வெளி மாநிலத்திலிருந்து வந்தவருக்கு 15 கிராம்தான். நியூஜெர்சியில் ஆறு அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 170 கிராம் வரை, கையில் வைத்திருக்கலாம், ஆனால் வீட்டுத் தொட்டியில் ஒரே ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். இது பலருக்குத் தெரிவதே இல்லை.

மாநில எல்லையைத் தாண்டினால் எல்லாம் மாறிவிடும். நியூஜெர்சியின் எடிசனிலிருந்து பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் காரில் போகிறவர்கள் டெலவேர் ஆற்றைக் கடந்ததும் பென்சில்வேனியாவுக்குள் வந்துவிடுகிறார்கள். அங்கே 30 கிராம் வரை வைத்திருந்தால் 30 நாள் வரை சிறை, 500 டாலர் வரை அபராதம். ஐடஹோவைச் சுற்றி வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மொன்டானா என நான்கு அனுமதி மாநிலங்கள். ஆனால் ஐடஹோவுக்குள் மூன்று அவுன்ஸ் வரை ஓராண்டு வரை சிறை, அதைத் தாண்டினால் ஃபெலனி, அதாவது கடுங்குற்றம், ஐந்தாண்டு வரை சிறை.

டெக்சஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் டாலஸிலும் ஹூஸ்டனிலும் ஆஸ்டினிலும் நிறைய இருக்கிறார்கள். பூவாக இரண்டு அவுன்ஸ் வரை, அதாவது சுமார் 56 கிராம் வரை இருந்தால் 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். இது மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். ஆனால் செடியிலிருந்து வடித்தெடுத்த டிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள், வேறு பட்டியலில் வருகிறது. அங்கே ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலே ஃபெலனி, 180 நாள் முதல் இரண்டு ஆண்டு வரை. மின்-சிகரெட்டில் போடும் அரை கிராம் எண்ணெய்க் குப்பி, வேப் கார்ட்ரிட்ஜ், ஒன்று சட்டைப் பையில் இருந்தால் போதும்.

அதைவிட மோசம், ‘கம்மி’ எனப்படும் கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய். கலிபோர்னியாக் கடையில் விற்கும் ஒரு பாக்கெட்டில் பத்து மிட்டாய், ஒவ்வொன்றிலும் 10 மில்லிகிராம் டிஎச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100 மில்லிகிராம், ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் டெக்சஸ் சட்டம் மருந்தை மட்டும் எடை போடாது. சர்க்கரை, ஜெலட்டின் எல்லாம் சேர்ந்த மொத்த எடைதான் கணக்கு. மிட்டாய் ஒன்று நான்கு கிராம் என்றால் பாக்கெட் 40 கிராம். நான்கு கிராம் முதல் 400 கிராம் வரைக்கான தண்டனை இரண்டு ஆண்டு முதல் இருபது ஆண்டு வரை! அதே 40 கிராம் பூவாக இருந்திருந்தால் 180 நாள்தான் உச்சம். முதல் வழக்கில் பெரும்பாலும் சிறைக்கு அனுப்பமாட்டார்கள், நன்னடத்தைக் கண்காணிப்பு என்பார்கள். ஆனால் விசாவில் இருப்பவருக்கு ஆபத்தே அங்கேதான் ஆரம்பமாகிறது.

வழக்கை முடித்துக்கொள்ள ‘டிஃபர்டு அட்ஜுடிகேஷன்’ என்று ஒரு வழி சொல்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொள், கண்காணிப்புக் காலத்தை ஒழுங்காக முடி, வழக்குத் தள்ளுபடி. மாநிலப் பதிவில் தண்டனை இருக்காது. ஆனால் குடிவரவுச் சட்டத்தின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் ஏதாவது கட்டுப்பாடு விதித்துவிட்டால் அது தண்டனைதான். பின்னால் மாநிலம் கருணையோடு பதிவை அழித்தாலும் அங்கே அழியாது. பாடில்லா என்ற லாரி ஓட்டுநர், வியட்நாம் போரில் பணியாற்றியவர், லாரியில் கஞ்சா கொண்டுபோனதாக வந்த வழக்கில், நாடு கடத்தப்படும் கவலை வேண்டாம் என்று வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2010-இல் உச்ச நீதிமன்றம், நாடு கடத்தல் அபாயத்தைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்று தீர்ப்பளித்தது. ஆகவே கேஸ் எடுக்கும் வக்கீலிடம் முதல் நாளே உங்கள் விசா நிலையைச் சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் குடிவரவு வக்கீல் ஒருவர் அந்தத் தாளைப் பார்க்கட்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே முடிக்கும் ‘டைவர்ஷன்’ கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்கான ஒப்பந்தத்திலும் குற்ற விவரங்களை ஒப்புக்கொள்ளும் வரி ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

30 கிராம் விலக்கு என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சொந்த உபயோகத்துக்காக 30 கிராம் வரை வைத்திருந்த ஒரே ஒரு வழக்கு என்றால் நாடு கடத்தும் பிரிவு பொருந்தாது. உண்மைதான். ஆனால் அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான பிரிவில் இந்த விலக்கு தானாகக் கிடைக்காது. கிரீன் கார்டுக்காரர் ஊரில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை வந்துவிட்டுத் திரும்பும்போது விமான நிலையத்தில் தடுக்கப்படலாம். அவர் விதிவிலக்குக்குத் தனியாக விண்ணப்பித்துப் போராட வேண்டியிருக்கும். இப்படி ஒரு பழைய வழக்கு இருந்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள்.

வழக்கே இல்லாமலும் சிக்கல் வரும். அனுமதி மாநிலத்தில் கஞ்சாக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்ததே குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தடையாகலாம் என்று 2019-இல் குடிவரவுத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்கள் கலிபோர்னியாவுக்குள் இருந்தாலும் மத்திய அரசின் நிலம், அங்கே மத்திய சட்டம்தான். மத்திய போதைப்பொருள் சட்டத்தில் கடுமை குறைந்த அட்டவணைக்குக் கஞ்சாவை மாற்றினாலும், அட்டவணையில் இருக்கும்வரை குடிவரவுச் சட்டத்துக்கு அது போதைப்பொருளே.

கடைசியாக, நுழைவு அதிகாரியின் கேள்வி. உங்கள் போனில் இருக்கும் படத்தைக் காட்டி, கலிபோர்னியாவில் கஞ்சா எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்கலாம். சட்டப்படி முறையாகப் பதிவான ஒப்புதல் ஒன்றே, தண்டனை இல்லாமலும், நிரந்தரத் தடைக்குப் போதும். பொய் சொன்னால் அதற்கும் தனியாக நிரந்தரத் தடை உண்டு. பதில் சொல்ல விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். விசாவில் வருபவரை அதற்காக அன்றைக்குத் திருப்பி அனுப்பக்கூடும். ஆனால் ஒப்புதல் பதிவாகாதவரை, மறுபடி விண்ணப்பிக்கும் வாய்ப்பு அவருக்கு மிஞ்சுகிறது.